வெப்பம் போகும் வழி

"ரேக் ஒன்றுக்கு 15 கிலோவாட் வரை தருகிறோம்" என்று, சர்வர்களை அடுக்கும் ரேக் என்ற அலமாரிகளை வாடகைக்கு விடும் ஒரு தரவு மையத்தின் விற்பனை மேலாளர் சொன்னதை அப்படியே நம்பிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தது, என் பணிவாழ்வில் நான் செய்த தவறுகளில் செலவு மிகுந்த ஒன்று. அந்த வாக்கியத்தில் நான் கவனித்தது 15 என்ற எண்ணை; கவனித்திருக்க வேண்டியது 'வரை' என்ற சொல்லை. எங்களிடம் ரேக்கில் ஓர் அடுக்கு (1யு) உயரமுள்ள 36 சர்வர்கள் இருந்தன. முழுச் சுமையில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 370 வாட் இழுத்தது. மொத்தம் 13 கிலோவாட்டுக்குச் சற்று மேல். கணக்கில் எந்த இடிப்பும் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே ரேக்கில் அடுக்கி, கேபிள்களை நேர்த்தியாகக் கட்டி, படமும் எடுத்துக்கொண்டு திரும்பினோம். இரண்டு வாரம் கழித்து, மாத இறுதிக் கணக்கீட்டுப் பணிகள் முழுவேகத்தில் ஓடிய ஓர் இரவில், ரேக்கின் அடியில் இருந்த சர்வர்கள் 22 டிகிரி செல்சியஸ் காற்றை உள்வாங்கிக்கொண்டிருக்க, உச்சியில் இருந்தவை 36 டிகிரிக் காற்றை இழுத்துத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொண்டன.

மறுநாள் அந்த மையத்தின் பொறியாளர் தந்த விளக்கம் நேர்மையானதாகவே இருந்தது. மின்சுற்று 15 கிலோவாட்டைத் தாங்கும். ஆனால் கூடத்தின் குளிரூட்டல் ரேக்குக்குச் சராசரியாக 5 கிலோவாட் என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. பக்கத்து வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று கிலோவாட்டோடு நின்றுகொண்டால் மீதியை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் எங்கள் ரேக்கின் இருபுறமும் ஒவ்வொரு ரேக்கை வாடகைக்கு எடுத்து வெறுமையாக வைத்திருக்க வேண்டும். அப்படியே செய்தோம். ஒப்பந்தக் காலம் முடியும்வரை, உள்ளே ஒரு திருகாணிகூட இல்லாத இரண்டு பெட்டிகளுக்கு மாதந்தோறும் வாடகை கட்டினோம்.

அதன்பின் இரண்டு முறை தரவு மையம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு முறையும் நான் ஒரே கேள்வியைத்தான் பல வடிவங்களில் கேட்டேன். சிப்பில் பிறக்கும் வெப்பம் கட்டடத்துக்கு வெளியே போய்ச் சேரும்வரை எந்தெந்த வழியாகச் செல்கிறது? அந்த வழியில் ஏதேனும் ஒன்று நின்றுபோனால் எத்தனை நிமிடம் தாங்கும்? மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது செப்புக்கம்பியின் தடிமனைப் பொறுத்த காரியம். உள்ளே வந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறிய பிறகு அதை வெளியேற்றுவதுதான் ஒரு கட்டடத்தின் உண்மையான திறமை.

அடர்த்தி என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 19 அங்குல அகலமும் 42யு உயரமும் கொண்ட வழக்கமான ரேக்கில் நெடுங்காலம் 4 முதல் 8 கிலோவாட் வரை இருந்தாலே போதுமானதாகக் கருதப்பட்டது. ஒரு யு என்பது 44.45 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்குள் அடங்கும் சிலிக்கான் இழுக்கும் மின்சாரம்தான் மாறிவிட்டது. ஜிபியு எனப்படும் என்விடியாவின் கணக்கீட்டுச் சிப்புகளில் வி100க்கு 300 வாட், ஏ100க்கு 400 வாட், எச்100க்கு 700 வாட் எனச் சில ஆண்டுகளுக்குள் ஏறியிருக்கிறது. எட்டு எச்100 சிப்புகள் கொண்ட டிஜிஎக்ஸ் இயந்திரம் ஒன்று 8யு உயரத்துக்குள் உச்சமாக 10.2 கிலோவாட் எடுக்கும். முன்பு ஒரு முழு ரேக்குக்குத் தந்ததை இன்று ரேக்கின் ஐந்தில் ஒரு பங்கு விழுங்கிவிடுகிறது. ஜிபி200 சிப்புகளால் ஆன 72 ஜிபியு ரேக்கோ 120 கிலோவாட் அளவில் நிற்கிறது.

இந்த எண் புதிது என்று நினைப்பவர்கள் 1976இல் வெளிவந்த கிரே-1 கணினியை நினைத்துப் பார்க்கலாம். அது ஏறத்தாழ 115 கிலோவாட் எடுத்தது. ஐந்து டன்னுக்கு மேல் எடை. ஃபிரியான் என்ற குளிர்பொருள் ஓடும் குழாய்களால் குளிரூட்டப்பட்டது. 1985இல் வந்த கிரே-2வின் சர்க்யூட் பலகைகள் ஃப்ளூரினெர்ட் என்னும் திரவத்துக்குள்ளேயே மூழ்கியிருந்தன. பழைய தலைமுறைப் பொறியாளர்களுக்குக் கணினி அறைக்குள் குழாய் என்பது இயல்பான காட்சி. இடையில் வந்த முப்பது ஆண்டுகள்தான் காற்றே போதும் என்று நம்மைப் பழக்கிவிட்டன.

காற்று ஏன் போதவில்லை என்பதைப் பள்ளி இயற்பியலே சொல்லிவிடும். ஒரு கிலோவாட் வெப்பத்தைச் சுமக்கும் காற்று 11 டிகிரி சூடேறலாம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 270 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். 20 கிலோவாட் ரேக் என்றால் 5,400 கன மீட்டர். 30 சதுர மீட்டர் பரப்பும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையை எண்ணிக்கொள்ளுங்கள். அந்த அறையிலுள்ள காற்று முழுவதும் நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஒரே ரேக்கின் வழியாகப் புகுந்து வெளியேற வேண்டும். அடியிலிருந்து குளிர்காற்று வரும்படி உயர்த்தப்பட்ட தளத்தில் பதிக்கும் வழக்கமான துளைத்தகடு ஒன்று மணிக்கு 500 முதல் 850 கன மீட்டர் வரை காற்று தரும். ரேக்கின் முன்னே அதன் பங்குக்குக் கிடைப்பது ஒரு தகடு. தேவைப்படுவதோ ஏழு அல்லது அதற்கும் மேல். குறைவை சர்வரின் விசிறி எங்கிருந்தாவது இழுத்துக்கொள்ளும். அருகில் கிடைப்பது பெரும்பாலும் ரேக்கின் தலைக்கு மேலாகச் சுற்றி வரும் தன்னுடைய வெந்த காற்றுதான். எங்கள் முதல் ரேக்கின் உச்சியில் 36 டிகிரி தெரிந்தது இப்படித்தான். பெரிய துளைகள் கொண்ட தகட்டைப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவுக்கு உண்மை. ஆனால் தளத்தின் அடியில் இருக்கும் காற்றழுத்தம் பொதுச்சொத்து. நான் அதிகமாக எடுத்தால் வரிசையின் கடைசியில் இருப்பவருக்குக் குறையும். அவர் முறையிட்ட நாளில் என் தகடு பழையபடி மாற்றப்படும்.

ஆகவே காற்றால் குளிரூட்டும் கூடத்தைப் பார்க்கப் போனால், குளிர்காற்றும் வெந்த காற்றும் கலக்காதபடி இடைவழிகள் கதவும் கூரையும் போட்டு அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பேன். அடுத்து, ரேக்கில் சர்வர் இல்லாத இடங்களில் மூடுதகடுகள் இருக்கின்றனவா, கேபிள் நுழையும் ஓட்டைகளில் தூரிகைப் பட்டை வைத்து அடைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். இவை மலிவான பொருள்கள். அவற்றையே கவனிக்காத நிர்வாகம் விலையுயர்ந்தவற்றைக் கவனிக்கும் என்று நான் நம்புவதில்லை. ஒரு மையத்தில், ஒரு ரேக்கின் கதவைத் திறந்துவைத்து, அதன் முன்னே காலூன்றிய மின்விசிறி ஒன்றை ஓடவிட்டிருந்தார்கள். எங்களை அழைத்துச் சென்றவர் சற்று விரைந்து நடந்தார். அதன்பிறகு அவர் காட்டிய விளக்கப்படங்களைப் பார்க்க எனக்குப் பெரிய ஆர்வம் எழவில்லை.

விசிறிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். விசிறியின் வேகம் இரட்டிப்பானால் அது எடுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும். அறையின் வெப்பநிலையை மூன்று டிகிரி ஏற்றினால் மையத்தின் சில்லர் (கூடத்துக்குக் குளிர்ந்த நீர் தரும் இயந்திரம்) மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். ஆனால் சர்வருக்குள் இருக்கும் சிறு விசிறிகள் வேகமெடுத்து என் மின்கணக்கில் ஏறும். வேடிக்கை என்னவென்றால், பியூஇ என்ற அளவீட்டில் சர்வர் விசிறி 'கணினிச் சுமை' பக்கத்தில்தான் எண்ணப்படுகிறது. மொத்த மின்சாரத்தைக் கணினிச் சுமையால் வகுத்தால் வருவதுதான் பியூஇ; வகுக்கும் எண் வீங்கினால் விடை சிறுத்து அழகாகத் தெரியும். மொத்தச் செலவு கூடிய மாதத்தில்கூட அந்த எண் மெலிந்து காட்டலாம். பியூஇ குறைவாக இருப்பது நல்லதே. ஆனால் அது மையத்தின் உரிமையாளருக்கு உதவும் அளவு. என் சர்வருக்குக் கிடைக்கும் காற்றைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

சர்வரின் முகப்பில் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. 2021இல் வந்த ஐந்தாம் பதிப்பில் எச்1 என்று ஒரு புதிய வகுப்பைச் சேர்த்து, காற்றால் குளிரூட்டப்படும் அடர்த்தி மிகுந்த இயந்திரங்களுக்கு மட்டும் அந்த வரம்பை 18 முதல் 22 டிகிரி எனச் சுருக்கினார்கள். ஒப்பந்தத்தில் '27 டிகிரிக்குள்' என்று எழுதியிருப்பதைக் கண்டு நிறைவடைந்துவிடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம், அந்த வெப்பநிலையை எங்கே அளக்கிறார்கள் என்பது. குளிரூட்டியின் வாயில் அளந்தால் அது எப்போதும் சரியாகவே இருக்கும். என் ரேக்கின் முகப்பில், மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில் அளக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னபோது, ஒரு நிறுவனம் இரண்டு வாரம் பதில் தராமல் இருந்தது. அந்த மௌனத்தையும் நான் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டேன்.

ஏறத்தாழ 20 அல்லது 30 கிலோவாட்டைத் தாண்டும்போது பேச்சு தண்ணீரின் பக்கம் திரும்பியே ஆக வேண்டும். ஒரே கன அளவுக்குத் தண்ணீர் காற்றைவிட 3,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சுமக்கும். ஒரு கிலோவாட்டுக்குத் தண்ணீர் 10 டிகிரி சூடேற விட்டால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகவே போதும். ஒரு குழாய் செய்யும் வேலை அது. இதில் எளிய வடிவம், ரேக்கின் பின்கதவையே ஒரு ரேடியேட்டராக மாற்றுவது. சர்வரில் எந்த மாற்றமும் வேண்டாம். வெளியேறும் வெந்த காற்று கதவைக் கடக்கும்போதே குளிர்ந்துவிடும். பலவகை சர்வர்களைக் கலந்து வைத்திருப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். அடுத்த வடிவம், சிப்பின் மீதே குளிர்தகட்டைப் பொருத்தி, அதனுள் திரவத்தை ஓடவிடுவது. 100 கிலோவாட் ரேக்குகள் இந்த முறையில்தான் இயங்குகின்றன.

சிப்புக்கு நேரடியாகத் திரவம் தரும் முறையில் பலர் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அது எல்லா வெப்பத்தையும் எடுத்துச் செல்வதில்லை. மெமரி, பவர் சப்ளை, நெட்வொர்க் அட்டை, டிஸ்க் ஆகியவை பல வடிவமைப்புகளில் இன்னும் காற்றையே நம்பி இருக்கின்றன. மொத்தத்தில் 20 முதல் 30 விழுக்காடு காற்றுக்குத்தான் போகும். 100 கிலோவாட் ரேக்கில் அந்த மிச்சம் மட்டுமே 20 கிலோவாட்டுக்குக் குறையாது. அதாவது, சற்று முன்பு காற்றால் முடியாது என்று நாம் கைவிட்ட அதே அளவு, இப்போது 'மிச்சம்' என்ற பெயரில் திரும்பி வருகிறது. "எங்களிடம் திரவக் குளிரூட்டல் இருக்கிறது" என்று சொல்லும் மையத்திடம் அடுத்து நான் கேட்பது, மிச்சக் காற்றை என்ன செய்வீர்கள் என்பதைத்தான்.

பொறுப்பின் எல்லை எங்கே என்ற கேள்வியும் தண்ணீரோடு சேர்ந்தே வரும். கட்டடத்தின் தண்ணீரும் சர்வருக்குள் ஓடும் திரவமும் ஒன்றல்ல. இடையில் சிடியு என்ற பரிமாற்றி நின்று, வெப்பத்தை மட்டும் கைமாற்றும். அந்தச் சிடியு யாருடையது? அதன் வடிகட்டியை யார் மாற்றுவார்கள்? திரவத்தில் பாசியும் அரிப்பும் வராமல் யார் சோதிப்பார்கள்? இரவு இரண்டு மணிக்கு ஓர் இணைப்பில் கசிவு கண்டால், வால்வை மூடும் அதிகாரம் பணியிலிருக்கும் தொழில்நுட்பருக்கு உண்டா, அல்லது எங்களை எழுப்பிக் கேட்க வேண்டுமா? இவற்றுக்கு எழுத்தில் விடை இல்லாத இடத்தில், கசிவு நடந்த அன்று இரு தரப்பும் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்பதுதான் நடக்கும். சர்வரையே திரவத்தில் மூழ்கடிக்கும் முறையைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லாததால் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: நோவெக் போன்ற திரவங்களைத் தயாரித்துவந்த 3எம் நிறுவனம், அந்த வகை வேதிப்பொருள்களின் உற்பத்தியை 2025 இறுதிக்குள் கைவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. பத்தாண்டுக்கான குளிரூட்டும் முறையைத் தேர்ந்தெடுப்பவர், அதில் ஊற்றும் திரவம் பத்தாண்டுக்குக் கிடைக்குமா என்பதையும் கேட்டாக வேண்டும்.

மின்சாரத்துக்கு வருகிறேன். 400 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் 32 ஆம்பியர் சுற்று ஒன்று 22 கேவிஏ (ஏறத்தாழ 22 கிலோவாட்) அளவுக்குத் தரும். ஏ, பி என்று இரண்டு தனித்தனி மின்வழிகள் வந்தால் 44 ஆகிவிடும் என்று கூட்டிப்பார்ப்பது மிக இயல்பான தவறு. விற்பனைத் தாள்களிலும் சில நேரம் அப்படியே எழுதியிருக்கும். இரண்டாவது வழி இருப்பதே முதல் வழி போகும்போது முழுச் சுமையையும் தனியாகத் தாங்குவதற்காக. எனவே பயன்படுத்தத்தக்கது 22தான். வட அமெரிக்க விதிகளைப் பின்பற்றும் இடங்களில் தொடர்சுமை பிரேக்கர் அளவின் 80 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால் அங்கே இன்னும் குறையும். இரண்டு வழிகளிலும் 60 விழுக்காடு வீதம் ஏற்றி, எல்லாம் சீராக ஓடுகிறது என்று மகிழ்ந்திருப்பவருக்கு, ஏ வழி போன சற்று நேரத்தில் பி வழியின் பிரேக்கர் 120 விழுக்காட்டில் விழுவது அதிர்ச்சியாக இருக்கும்.

இதைவிட நுட்பமான பொறி ஒன்றில் நாங்களே விழப் பார்த்தோம். எட்டு ஜிபியு கொண்ட இயந்திரம் ஒன்றில் ஆறு பவர் சப்ளைகள் இருந்தன. மூன்றை ஏ வழியிலும் மூன்றை பி வழியிலும் செருகிவிட்டால் ஒரு வழி போனாலும் இயங்கும் என்றே எல்லோரும் நினைத்தோம். அந்த இயந்திரம் முழுத் திறனில் இயங்க நான்கு பவர் சப்ளைகள் வேண்டும் என்பதைக் கையேட்டின் நடுப்பக்கம் ஒன்றில் ஓர் இளம் சக ஊழியர் கண்டுபிடித்தார். ஆறில் இரண்டு போகலாம். மூன்று போகக் கூடாது. எனவே இரண்டு வழி போதாது, மூன்று தனித்தனி வழிகளில் இரண்டிரண்டாகப் பிரித்துச் செருக வேண்டும். மூன்றாவது வழி தரக்கூடிய மையமாகவும் இருக்க வேண்டும். தேர்வுப்பட்டியலில் இருந்த மையங்களில் பாதி அந்த ஒரு கேள்வியிலேயே உதிர்ந்தன.

மின்கணக்கை வாங்குபவரும் தன் பக்கத்திலிருந்து சரியாகச் செய்ய வேண்டும். சர்வரின் பின்புறத் தகட்டில் அச்சிட்டிருக்கும் வாட் அளவைக் கூட்டிக்கொண்டு போனால் தேவைக்கு மிக அதிகமாக வாங்கிவிடுவோம். சாதாரண நாளின் சராசரியைக் கொண்டு போனால் குறைவாக வாங்குவோம். நம் சொந்த வேலையை முழுவேகத்தில் ஓடவிட்டு, மீட்டர் வைத்து, குறுகிய இடைவெளியில் அளந்து கிடைக்கும் உச்சம்தான் பேச வேண்டிய எண். ஜிபியு பயிற்சி வேலைகளில் இது இன்னும் முக்கியம். நூற்றுக்கணக்கான சிப்புகள் ஒரே தாளத்தில் கணக்கிட்டு, ஒரே நேரத்தில் தரவுப் பரிமாற்றத்துக்காக நின்று, மீண்டும் ஒன்றாகப் பாய்வதால், மின்சுமை நொடிக்கு நொடி ஏறி இறங்கும். அந்த அலையை யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் தாங்குமா என்று கேட்டபோது, புருவம் உயர்த்தாமல் உடனே பேசத் தொடங்கிய பொறியாளர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி, நான் அதிக நேரம் செலவிடும் இடம். வெளி மின்சாரம் போகிறது. யுபிஎஸ் தாங்குகிறது. 10 அல்லது 15 நொடிகளில் ஜெனரேட்டர் எழுந்து சுமையை ஏற்கத் தயாராகிறது. சர்வர்களுக்கு ஒரு கணமும் மின்சாரம் நிற்கவில்லை. விளம்பரத் தாள் இங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் சில்லர் நின்றுவிட்டது. அதன் கம்ப்ரஸர் பாதுகாப்பு இடைவெளி கடந்து, மீண்டும் எழுந்து, முழுக் குளிர்ச்சியைத் தரச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சில நிமிடங்களும் சர்வர்கள் முழு வெப்பத்தையும் கக்கிக்கொண்டே இருக்கின்றன. ரேக்குக்கு 3 கிலோவாட் உள்ள கூடத்தில் சுவரும் தரையும் இரும்பும் அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு நேரம் தரும். 20 கிலோவாட் ரேக்குகள் அடர்ந்த கூடத்தில் காற்றின் வெப்பநிலை நிமிடத்துக்குப் பல டிகிரி ஏறும். சிப்புக்கு நேரடியாகத் திரவம் ஓடும் அமைப்பில் பம்பு நின்றால், கணக்கு நிமிடத்திலிருந்து நொடிக்கு இறங்கிவிடும். மின்சாரம் தடையின்றிக் கிடைப்பதே அங்கே தீங்காகிவிடுகிறது: அடுப்பு எரிகிறது, புகைப்போக்கி அடைபட்டிருக்கிறது.

ஆகவே குளிரூட்டியின் விசிறிகளும் தண்ணீர்ப் பம்புகளும் சிடியுவும் யுபிஎஸ்ஸில் இணைந்திருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். குளிர்ந்த நீரைச் சேமித்துவைக்கும் தொட்டி எவ்வளவு பெரிது என்றும் கேட்க வேண்டும். இதை நாமே சரிபார்க்கலாம். 10 கன மீட்டர் தண்ணீர் 6 டிகிரி சூடேறும்வரை பயன்படும் என்றால், அது ஏறத்தாழ 70 கிலோவாட்-மணி வெப்பத்தை விழுங்கும். 20 கிலோவாட் வீதம் 50 ரேக்குகள் உள்ள கூடத்தின் சுமை ஒரு மெகாவாட். அந்தத் தொட்டி அதற்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே தாங்கும். சில்லர் எழ ஆறு நிமிடம் ஆகும் என்றால் விடை தெரிந்துவிட்டது. ஒரு மையத்தில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியபோது, அவர்களுடைய தலைமைப் பொறியாளர் சிரித்துவிட்டு, "இதற்காகத்தான் சார் இரண்டாவது தொட்டி கேட்டு இரண்டு ஆண்டாக எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றார். அந்த மையத்தை நாங்கள் எடுக்கவில்லை. அவரை மட்டும் எங்களால் எடுத்துக்கொள்ள முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரிய விபத்துகளின் வரலாறும் இந்தத் துணைக்கருவிகளின் வரலாறாகவே இருக்கிறது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, மன்ஹாட்டனின் தென்பகுதியில் ஒரு கட்டடத்தில் ஜெனரேட்டர் மேல்தளத்தில் பத்திரமாக இருந்தது. அதற்கு எண்ணெய் ஏற்றும் பம்பு அடித்தளத்தில் வெள்ளத்தில் மூழ்கியது. ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் வாளியில் டீசலை எடுத்துக்கொண்டு 17 மாடி ஏறினார்கள். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதன்முறையாக வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டியபோது, லண்டனில் கூகுள், ஆரக்கிள் இரண்டின் தரவு மையங்களிலும் குளிரூட்டல் தடுமாறிச் சேவைகள் நின்றன. வெளிக்காற்று எத்தனை டிகிரி வரை போகலாம் என்ற அனுமானத்தில் சில்லர் அமைக்கப்பட்டது என்று கேட்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கூரையில் நெருங்கி நிற்கும் குளிரூட்டிகள் ஒன்றின் சூட்டை மற்றொன்று இழுத்துக்கொள்ளும் என்பதால், வானிலை நிலையத்தின் எண்ணைவிடக் கூரையின் எண் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் ஒரு மையம் முற்றாக எரிந்தது. 2022 அக்டோபரில் தென்கொரியாவின் பாங்யோவில் ஒரு மையத்தின் லித்தியம் பேட்டரி அறையில் தொடங்கிய தீ, காக்காவோ என்ற இணைய நிறுவனத்தின் சேவைகளை நாடு முழுவதும் நிறுத்தியது. பேட்டரி அறைக்கும் சர்வர் கூடத்துக்கும் இடையில் என்ன சுவர் இருக்கிறது என்று கேட்க எனக்கு இப்போது கூச்சமில்லை.

சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரவு மையங்களுக்குத் தரச்சான்று தரும் அப்டைம் இன்ஸ்டிட்யூட்டின் டயர் 3 என்பது, எந்தக் கருவியையும் பராமரிப்புக்காக நிறுத்தினாலும் சுமை நிற்காது என்பதைக் குறிக்கிறது. டயர் 4 எதிர்பாராத பழுதையும் தாங்கும். வரைபடத்துக்குத் தரும் சான்றும் கட்டி முடித்த கட்டடத்துக்குத் தரும் சான்றும் வேறு வேறு. 'டயர் 3 தரத்துக்கு இணையான' என்ற தொடரைக் கண்டால் அதில் சான்று எதுவும் இல்லை என்று பொருள். சேவை உறுதி எண்களும் அப்படியே: 99.99 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 53 நிமிடம் நிற்கலாம். அதை மீறினால் கிடைப்பது மாத வாடகையில் ஒரு கழிவு. அந்தக் கழிவு எரிந்த சர்வரைத் திருப்பித் தராது.

எடையைக் கடைசி நேரத்தில் நினைப்பவர்கள் அதிகம். எட்டு ஜிபியு இயந்திரம் ஒன்று 130 கிலோ. 72 ஜிபியு ரேக் ஒன்றரை டன்னை நெருங்கும். தளம் நின்ற எடையைத் தாங்குவது வேறு, சக்கரத்தில் உருண்டு வரும் எடையைத் தாங்குவது வேறு. சரக்கு லிஃப்ட், வாயிற்படியின் உயரம், இறக்கும் மேடையிலிருந்து கூடம்வரை உள்ள ஒவ்வொரு வளைவு ஆகியவற்றை நாடாவோடு போய் அளந்துவிடுவது நல்லது. நெட்வொர்க் இணைப்பைப் பொறுத்தவரை, ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் ஃபைபர் தனித்தனி வாயில்கள் வழியாக உள்ளே வருகிறதா என்று பார்த்தால் போதும். தொலைவைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகை. ஃபைபரில் 100 கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு மில்லிநொடிதான்.

இத்தனையும் சொன்ன பிறகு, அடர்த்தி உண்மையிலேயே வேண்டுமா என்று நண்பர்கள் கேட்டால், பெரும்பாலோருக்கு வேண்டாம் என்பதே என் விடை. இணையதளமும் தரவுத்தளமும் ஓட்டுபவர்கள் 36 சர்வரை மூன்று ரேக்கில் பரப்பி வைத்தால் எந்தக் கூடத்திலும் நிம்மதியாக இருக்கலாம். நான் முதலில் செய்திருக்க வேண்டியதும் அதுதான். ஜிபியு தொகுப்புகளுக்கு மட்டும் நெருக்கம் தேவை. அதிவேக இணைப்புகளில் செப்புக் கேபிள் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் எட்டாது. இயந்திரங்களைப் பரப்பினால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒளியிழையும் அதன் இரு முனைகளிலும் மின்சாரம் தின்னும் ஒளிமாற்றியும் வேண்டும். செலவும் கூடும், பழுதாகும் உறுப்புகளும் கூடும். அப்போதுதான் அடர்த்தியின் தொல்லைகளை விலை கொடுத்து வாங்குவதில் பொருள் இருக்கிறது.

மூன்றாவது முறை நாங்கள் தேர்ந்தெடுத்த மையம், பட்டியலில் மிகப் பெரிய எண்ணைச் சொன்ன மையம் அல்ல. பின்கதவுக் குளிரூட்டலோடு ரேக்குக்கு 25 கிலோவாட் என்று சொன்னார்கள். மின்சாரத்தை வெப்பமாக்கும் லோடு பேங்க்குகளை ரேக்குகளில் பொருத்தி, முழுச் சுமையில் ஓடவிட்டு, எங்கள் கண்ணெதிரே வெளி மின்சாரத்தைத் துண்டிக்க முடியுமா என்று கேட்டோம். வாரநாளில் வேண்டாம், ஞாயிறு காலை வாருங்கள் என்றார்கள். ரேக்குகளின் முகப்பில் எங்கள் சொந்த வெப்பமானிகளை ஒட்டிவிட்டு, கையில் கடிகாரத்தோடு நின்றோம். ஜெனரேட்டர் 11ஆவது நொடியில் சுமையை ஏற்றது. பம்புகள் நிற்கவில்லை. சில்லர் முழுக் குளிர்ச்சிக்குத் திரும்ப ஐந்து நிமிடம் 40 நொடி ஆயிற்று. அதற்குள் நடுவரிசை ரேக்குகளில் 27 டிகிரிக்குள் நின்ற காற்று, வரிசையின் கடைசியிலிருந்த இரண்டு ரேக்குகளில் 31 டிகிரியைத் தொட்டது.

அவர்களுடைய பொறியாளர் அந்த வரைபடத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, கடைசி இரண்டு ரேக்குகளுக்குக் குழாயின் முனையில் நீரோட்டம் குறைகிறது, வால்வைச் சீர்செய்யும்வரை அவற்றில் 18 கிலோவாட்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்றார். ஒப்பந்தத்தில் மற்ற ரேக்குகளுக்கு 25 என்றும் அந்த இரண்டுக்கும் 18 என்றும் எழுதினோம். 'வரை' என்ற சொல் எங்கும் வரவில்லை.